காருக்கு அடியில் சொட்டாத தண்ணீர்

ராஜபாளையத்திலிருந்து ஆலங்குளம் பக்கம் உள்ள எங்கள் அரசுப் பள்ளிக்கு நான்கு ஆசிரியர்கள் ஒரே காரில் வந்து போகிறோம். கார் என்னுடையது, பெட்ரோல் செலவு நால்வருக்கும் பொது. ஐப்பசி மழை பிடித்த வாரத்தில் ஏசியைப் போட்டதும் ஒரு நாற்றம் வரத் தொடங்கியது. ஈரத் துணியைச் சுருட்டி வைத்து இரண்டு நாள் கழித்து எடுத்தால் வருமே, அந்தப் பூசண வாடை. இரண்டு நிமிடத்தில் அடங்கிவிடும். மறுநாள் காலை மறுபடியும் வரும்.

வாசனைப் புட்டி ஒன்றை வாங்கி மாட்டினேன். எங்களோடு வரும் ஆங்கில ஆசிரியைக்கு இளைப்புத் தொல்லை உண்டு. மூன்றாம் நாளே இன்ஹேலரை எடுத்துவிட்டு, "சார், ஏசி வேண்டாம், கண்ணாடியை இறக்கிக்கிட்டே போவோம்" என்றார். கரிசல் புழுதியில் அதுவும் அவருக்கு ஆகவில்லை. ஒரு பணிமனையில் காட்டியபோது, "கேஸ் பழசாயிருச்சு சார், மாத்தணும்" என்று ஒரு தொகை சொன்னார்கள். அந்த மாதச் சம்பளம் வந்ததும் மாற்றுவதாக இருந்தேன்.

தை மாதம் ஆறாம் வகுப்பில் நீர் பாடம். ஆவி சுருங்குதலுக்கு அன்றாட வாழ்விலிருந்து எடுத்துக்காட்டு கேட்டேன். புல்லில் பனித்துளி, இட்லிக் கொப்பரை மூடி என்று வழக்கமான விடைகள் வந்தன. பின்வரிசையில் ஒருவன் எழுந்து, "ஏசி கார் நின்னா அடியில தண்ணி சொட்டும்ல சார், அது" என்றான். அவன் அண்ணன் கார் பணிமனையில் வேலை செய்கிறான். சரி என்று பாராட்டினேன். அவன் உட்காரவில்லை. "ஆனா உங்க காருக்கு அடியில சொட்டவே இல்லையே சார்? தண்ணி உள்ள நின்னா நாறும்னு எங்க அண்ணன் சொல்வான்."

வகுப்பு சிரித்தது. "அது கேஸ் வாடைப்பா, உட்காரு" என்று முடித்துவிட்டேன். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஆவி சுருங்குதல் நடத்துகிறவன் நான். அன்று மாலை காரை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தேன். தரை காய்ந்து கிடந்தது. முன்பக்க இடது இருக்கையின் கால்மிதியைத் தூக்கினேன். அடியில் விரிப்பு சொதசொதவென்று நனைந்திருந்தது.

நடந்தது இதுதான். காரின் முகப்புப் பலகைக்குப் பின்னால் ஆவியாக்கி என்ற ஒரு பாகம் இருக்கிறது. மெல்லிய அலுமினியத் தகடுகள் நெருக்கமாக அடுக்கிய சிறு பெட்டி போல் இருக்கும். அதன் குழாய்களுக்குள் குளிர்பதனப் பொருள் ஆவியாகும்போது தகடுகளின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. உறைநிலைக்குச் சற்று மேல் வரை குளிர்ந்துவிடும் அந்தத் தகடுகள் மீது, காற்றாடி காரின் காற்றைத் தள்ளுகிறது. காற்றிலுள்ள நீராவி அங்கே துளித்துளியாகப் படிகிறது. தண்ணீர் அடித்தட்டில் இறங்கி, ஒரு ரப்பர்க் குழாய் வழியே காருக்கு வெளியே சொட்ட வேண்டும்.

எவ்வளவு தண்ணீர் என்பதை மாணவர்களே கணக்கிடலாம். 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று அதிக அளவாகச் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். ஈரப்பதம் 60 விழுக்காடு என்றால் அதில் இருப்பது 18 கிராம். அதே காற்றை 10 டிகிரிக்குக் குளிர்வித்தால் அது தாங்கக்கூடியது சுமார் 9 கிராம்தான். மீதி 9 கிராம் தண்ணீராகிவிடும். இப்படி வெளிக்காற்று 100 கன மீட்டர் உள்ளே வந்து போனால் ஏறக்குறைய ஒரு லிட்டர். ஆறாம் வகுப்பால் போட முடிந்த கணக்குதான் இது. ஒரு மாணவி மட்டும், "அப்ப சித்திரையில கம்மியா வருமா சார்?" என்று கேட்டாள். காற்று வறண்டிருந்தால் குறையத்தான் செய்யும்.

இருட்டு, ஈரம், கூடவே காற்றோடு வந்து ஒட்டும் தூசி, முடி, நம் தோலிலிருந்து உதிரும் துகள்கள். பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் வேறென்ன வேண்டும்? அவை வளரும்போது வெளியிடும் ஆவியாகும் சேர்மங்களைத்தான் நம் மூக்கு நாற்றமாக உணர்கிறது. எட்டாம் வகுப்பு நுண்ணுயிரிகள் பாடத்துக்கு, ஊறவைத்த ரொட்டித் துண்டோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம். கேஸ் என்று நாம் சொல்லும் குளிர்பதனப் பொருள் மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றுவது. பல கார்களில் பயன்படும் ஆர்-134ஏ ஏறக்குறைய மணமற்றது. அது கசிந்தால் குளிர்ச்சிதான் குறையும், பூசண வாடை வராது. என் காரில் குளிர்ச்சி குறையவே இல்லை. அதை நான் யோசித்திருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு அந்த மாணவனின் அண்ணனையே வரச் சொன்னேன். வடிகுழாயின் வாயில் மண்ணும் சருகும் சேர்ந்து கட்டியாகியிருந்தது. அதை எடுத்ததும் தேநீர் நிறத்தில் தண்ணீர் கொட்டியது. பக்கத்தில் நின்றிருந்த என் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். டாஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருந்த காற்று வடிகட்டியைக் கழற்றினால், அது எங்கள் ஊர்ச் சாலையின் புழுதி மாதிரிபோல இருந்தது. ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டியதை நான் வாங்கிய நாள் முதல் தொட்டதில்லை. புதியது போட்டோம். ஆவியாக்கிக்கென்று விற்கும் நுரைத் திரவத்தை அடித்து, அது கரைந்து வடியும்வரை காத்திருந்தோம். அதற்குள் கண்ட அமிலத்தையோ பிளீச்சிங் கரைசலையோ ஊற்றக் கூடாது. அலுமினியம் அரிக்கும், அந்த ஆவியைச் சுவாசிப்பதும் நாம்தான். விரிப்பைக் கழற்றி இரண்டு நாள் வெயிலில் போட்டேன்.

அந்தத் தம்பி சொன்ன ஒரு பழக்கம்தான் இவை எல்லாவற்றிலும் பெரிது. ஊர் வந்து சேர ஐந்து நிமிடம் இருக்கும்போது ஏசி பொத்தானை அணைத்துவிட்டு, வெளிக்காற்று உள்ளே வரும்படி வைத்துக் காற்றாடியை மட்டும் ஓட விட வேண்டும். தகடுகள் காய்ந்துவிடும். காய்ந்த இடத்தில் பூஞ்சைக்கு வேலை இல்லை. இதற்குச் செலவும் இல்லை. ஆங்கில ஆசிரியை இப்போது கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வருகிறார். வாசனைப் புட்டியைக் கழற்றிவிட்டேன்.

எல்லா நாற்றமும் இந்த வகை அல்ல என்பதை மாணவர்களிடம் சொல்லிவிடுவது நல்லது. பெட்ரோல் வாடையோ ஒயர் கருகும் வாடையோ வந்தால் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி எல்லோரும் இறங்கிவிட வேண்டும். இனிப்பான வாடை வந்தால் இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம் கசிகிறது என்று சந்தேகிக்கலாம். அது நச்சு. எல்லாவற்றிலும் ஆபத்தானதற்கு வாடையே கிடையாது. மூடிய இடத்தில் இன்ஜினை ஓடவிட்டு ஏசியில் தூங்கினால் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உள்ளே சேரலாம், மூக்கு அதைக் கண்டுபிடிக்காது. எங்கள் மாணவர்களில் பலரின் தந்தையரும் அண்ணன்மாரும் ஓட்டுநர்கள். இந்த ஒரு செய்தியை வீட்டில் போய்ச் சொல்லச் சொன்னேன்.

ஏசியின் வரலாறும் நம் பகுதிக்கு மிக நெருக்கமானது. 1902இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில், ஈரக்காற்றில் காகிதம் விரிந்து சுருங்கியதால் வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தவில்லை. அதைச் சரிசெய்ய வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர், குளிர்ந்த குழாய்களில் காற்றின் ஈரத்தைப் படியவைக்கும் கருவியை வடிவமைத்தார். நம் காரில் இருப்பதும் அதே தத்துவம். 1906இல் ஏர் கண்டிஷனிங் என்ற பெயரைச் சூட்டியவர் ஸ்டூவர்ட் கிரேமர். அவருடைய துறை நூற்பாலை. வறண்ட காற்றில் நூல் அறுந்துவிடுவதால் அவருக்கு ஈரத்தைச் சேர்க்க வேண்டியிருந்தது. சிவகாசியில் அச்சகம், ராஜபாளையத்தில் நூற்பாலை. இரண்டிலும் வேலை செய்யும் பெற்றோரின் பிள்ளைகள் ஒரே வகுப்பில் அமர்ந்திருக்க, இதைச் சொல்லித்தர வேறு ஊர் தேட வேண்டியதில்லை.

திங்கட்கிழமை வகுப்பில், அன்று நான் சொன்னது தவறு என்றும், அவன் சொன்னதே சரி என்றும் சொன்னேன். பிறகு காரை மைதானத்தில் திறந்த வெளியில் நிறுத்தி, புகைக்குழாய்ப் பக்கம் யாரும் போகாமல் பார்த்துக்கொண்டு, ஏசியைப் போட்டு வடிகுழாய்க்கு அடியில் ஒரு தட்டை வைத்தோம். பதினைந்து நிமிடத்தில் விழுந்ததை அளவு உருளையில் ஊற்றிக் குறித்தார்கள். மழை பெய்த மறுநாள் காலையிலும், நல்ல வெயில் நேரத்திலும் இதையே செய்து ஒப்பிடுவதாகத் திட்டம். ஆய்வுக்கூட ஏசி இருக்கும் பள்ளிகளில் கார் தேவையில்லை, சுவரோரம் வரும் குழாயே போதும்.

"இது ஆவியா இருந்து வந்த தண்ணிதானே சார், குடிக்கலாமா?" என்று அதே பையன் கேட்டான். உடனே விடை சொல்லவில்லை. ஆவியாக இருந்தபோது சுத்தம்தான், வழியில் எதைத் தொட்டு வந்தது என்று யோசி என்றேன். கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தவன், அதைத் தூக்கிக்கொண்டு போய் வேப்பங்கன்றுக்கு ஊற்றினான்.