பொரோ மேட்ச் பார்க்கப் போகிறவர்களுக்கு

கொல்கத்தாவில் ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் மோதினால் அதற்கு ‘பொரோ மேட்ச்’ என்று பெயர். பெரிய ஆட்டம். லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் எங்கள் வீட்டுக்கு ஊரிலிருந்து வருகிறவர்கள், காளிகாட் தரிசனம் முடிந்ததும் அடுத்ததாகக் கேட்பது இந்த ஆட்டத்துக்கு டிக்கெட் கிடைக்குமா என்றுதான். அழைத்துப் போகும்முன் அவர்களிடம் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

செய்ய வேண்டியவை

எந்த மைதானம் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் மூன்றுக்கும் மைதான் புல்வெளியில், ஈடன் கார்டன்ஸை ஒட்டியே தனித்தனி ஆடுகளம் உண்டு. அங்கே போக எஸ்பிளனேடில் இறங்கி நடக்கலாம். பொரோ மேட்சோ பெரும்பாலும் 1984-ல் திறந்த சால்ட் லேக் ஸ்டேடியத்தில்தான். ‘யுபபாரதி’ என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். ஹௌராவில் ரயிலைவிட்டு இறங்கி மெட்ரோ பிடித்தால் ஸ்டேடியத்தின் பெயரிலேயே ஸ்டேஷன் இருக்கிறது.

டிக்கெட்டில் போட்டிருக்கும் கேட் எண்ணைப் பார்த்து, அந்தக் கேட்டிலேயே நுழையுங்கள். இரு தரப்பு ரசிகர்களும் தனித்தனிப் பகுதியில் உட்காருகிறார்கள். சட்டை நிறமும் முக்கியம்: சிவப்பு-மஞ்சள் ஈஸ்ட் பெங்கால், பச்சை-மெரூன் மோகன் பகான். எந்தப் பக்கமும் சேராதவர் வெள்ளைச் சட்டையில் வரட்டும்.

ஒரு மணி நேரம் முன்னதாகவே உட்கார்ந்துவிடுங்கள். பக்கத்திலிருப்பவரிடம் 1997 ஜூலை 13-ஐப் பற்றிக் கேளுங்கள். ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி, 1,31,000-க்கும் மேல் கூட்டம், பைச்சுங் பூட்டியா மூன்று கோல், ஈஸ்ட் பெங்கால் 4-1. நேற்று நடந்ததுபோலச் சொல்வார்கள். 2017-ல் பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்காகத் தனி நாற்காலிகள் போட்ட பிறகு ஸ்டேடியம் கொள்வது சுமார் 68,000 பேர். பழைய கூட்டத்தை நினைத்து ஏங்குகிறவர்கள் நிறைய. எனக்கு இப்போதைய எண்ணிக்கைதான் நிம்மதி.

செய்யக்கூடாதவை

தண்ணீர் பாட்டில், ஹெல்மெட், பெரிய பை வேண்டாம். வாசலில் வாங்கி வைத்துவிடுவார்கள்.

எதையும் வீசாதீர்கள். 2025 டிசம்பரில் மெஸ்ஸி வந்த அன்று, காசு கொடுத்தும் அவரைச் சரியாகப் பார்க்க முடியாத கோபத்தில் இதே ஸ்டேடியத்தில் பாட்டில்கள் பறந்தன, நாற்காலிகளைப் பெயர்த்தெடுத்தார்கள். கோபம் நியாயமானதுதான். ஆனால் அடுத்த வாரம் அந்த நாற்காலியில் உட்கார வருவது இன்னொரு ரசிகன்.

‘பாங்கால்’ என்று யாரையும் கேலி செய்யாதீர்கள். கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்களைச் சொல்லும் சொல் அது. பிரிவினையில் வீடு வாசலை விட்டு வந்த எத்தனையோ குடும்பங்களுக்கு 1920-ல் பிறந்த ஈஸ்ட் பெங்கால் கிளப்தான் மிஞ்சிய சொந்த ஊர். உள்ளூர்க்காரர்கள் தங்களுக்குள் (ஈஸ்ட் பெங்காலின்) இலிஷ் மீனா, (மோகன் பகானின்) இறாலா என்று வம்பிழுத்துக்கொள்வார்கள். அது அவர்களுக்குள். அதற்காக இரு தரப்பினரையும் எதிரிகள் என்றும் நினைத்துவிடாதீர்கள். 2024 ஆகஸ்ட் 18-ல் ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் ஒருவர் கொடூரமாகக் கொல்லப்பட்டதை ஒட்டிய போராட்டங்களால் பொரோ மேட்ச் ரத்தானபோது, இரு கிளப் ரசிகர்களும் ஸ்டேடியத்துக்கு வெளியே ஒன்றாக நின்று நீதி கேட்டார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம்: படிக்கட்டில் நிற்காதீர்கள், உட்காராதீர்கள், கடைசி விசில் ஊதியதும் படிக்கட்டை நோக்கி ஓடாதீர்கள். காரணம் இருக்கிறது.

1980 ஆகஸ்ட் 16-ல் ஈடன் கார்டன்ஸில் இதே இரு அணிகளும் ஆடின. களத்தில் மூண்ட தகராறு கேலரிக்குத் தாவியது. நெரிசலில் 16 பேர் இறந்தார்கள். ஆட்டம் பார்க்கப் போய் வீடு திரும்பாதவர்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் இந்த ஊர் அவர்கள் நினைவாக ரத்ததானம் செய்கிறது.

படிக்கட்டுக்கு ஓடக்கூடாது என்பது எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல. நான் பார்த்த முதல் பொரோ மேட்ச் முடிந்ததும் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் பாய்ந்தேன். ஓரத்து நாற்காலியில் இருந்த பெரியவர் ஒருவர் கையைக் குறுக்கே நீட்டிவிட்டார். விரல்களில் ஜால்முரியின் கடுகெண்ணெய் மினுங்கியது. “போஷுன், தாதா.” உட்காருங்கள். அவர் அன்று ஈடனில் இருந்தவராம். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. மிச்சமிருந்த பொரிப் பொட்டலத்தை மகளிடம் நீட்டினார். கீழே கூட்டம் சுருங்கிச் சுருங்கி, படிகளின் சிமென்ட் தெரியத் தொடங்கும்வரை மூவரும் உட்கார்ந்திருந்தோம். பிறகுதான் கையை எடுத்தார். “ஏபார் சொலுன்.” இனி போகலாம்.