நல்லூர்: ஒரு தலைநகர் கற்பிக்கும் பாடம்

தலைநகரம் என்றவுடன் டில்லி, பக்தாத், இஸ்தான்பூல் போன்ற பெருநகரங்களே மாணவியராகிய உங்கள் நினைவுக்கு வரும். ஆனால் புத்தூர்ச் சந்தியில் பஸ் ஏறிப் பருத்தித்துறை வீதி வழியே யாழ்ப்பாணம் நோக்கிச் செல்பவர்கள் சிறுப்பிட்டி, நீர்வேலி, கோப்பாய், இருபாலை ஆகிய ஊர்களைக் கடந்ததும் ஓர் அரசின் பழைய தலைநகருக்குள் நுழைகின்றனர். அதுவே நல்லூர். அந்நகரம் யாருடையது என்னும் வினாவுக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆரியச்சக்கரவர்த்திகளின் அரசு

யாழ்ப்பாண அரசை 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் ஆரியச்சக்கரவர்த்திகள் ஆண்டனர். இவர்களது கொடியில் நந்தியும் நாணயங்களில் 'சேது' என்னும் சொல்லும் பொறிக்கப்பட்டிருந்தன. முன்னைய தலைநகரான சிங்கைநகரும் நல்லூரும் ஒன்றா, வேறா என்பதில் ஆய்வாளர் கருத்து வேறுபடுவர். ஆயினும் 15ஆம் நூற்றாண்டு முதல் நல்லூரே தலைநகராக விளங்கியது என்பர்.

நகரின் நான்கு திசைகளிலும் காவலாகக் கோயில்கள் அமைந்திருந்தன என்பது மரபு. கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், தெற்கே கைலாசநாதர், மேற்கே வீரமாகாளி அம்மன், வடக்கே சட்டநாதர் எனக் கூறுவர். யமுனா ஏரி இன்றும் அங்கே உள்ளது. சங்கிலியன் தோப்பு வளைவையும் மந்திரிமனையையும் அரசர் காலத்தவை என மக்கள் கருதுகின்றனர். ஆனால் அவற்றின் கட்டடப் பாணி பிற்காலத்தைக் காட்டுகிறது என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. ஊர் வழக்கைப் போற்றும் அதே வேளையில் சான்றையும் தேடிப் பார்ப்பதே வரலாற்று மாணவிக்கு அழகு.

பல இனத்தார் கலந்த நகர்

1344இல் உலகப் பயணி இப்னு பதூதா இலங்கைக்கு வந்து ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்தார். அம்மன்னர் பாரசீக மொழியை விளங்கிக்கொண்டார் என்றும், பாவா ஆதம் மலைக்குச் செல்லத் தமக்கு உதவினார் என்றும் அவர் தம் பயண நூலில் எழுதியுள்ளார். தமிழ் மன்னர் ஒருவர் பாரசீகம் அறிந்திருந்தார் என்றால், முத்தும் கறுவாவும் நாடி வந்த வணிகரோடு மொழிகளும் இங்கே வந்து சேர்ந்தன என்பது பெறப்படும்.

கோட்டை அரசன் ஆறாம் பராக்கிரமபாகு அனுப்பிய சப்புமல் குமாரயா 1450 அளவில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றி, 1467 வரை ஆண்டான். தமிழர் இவனைச் செண்பகப் பெருமாள் என்றனர். பின்னர் இவனே புவனேகபாகு என்னும் பெயருடன் கோட்டை அரசனானான். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் இன்றும் ஓதப்படும் கட்டியத்தில் புவனேகபாகு என்னும் பெயர் போற்றப்படுகிறது.

முஸ்லிம்கள் முன்னர் நல்லூர்ப் பகுதியில் குடியிருந்து, பிற்காலத்தில் நாவாந்துறைப் பக்கம் சென்றனர் என்று ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலை கூறுகிறது. இன்றைய சோனகத்தெரு அந்த நீண்ட வரலாற்றின் தொடர்ச்சியே.

வீழ்ச்சியும் மீட்சியும்

போர்த்துக்கேயர் 1560இல் நல்லூரைத் தாக்கியபோது மன்னன் கோப்பாய்க்குப் பின்வாங்கினான். 1619இல் பிலிப் தே ஒலிவேரா அரசை முற்றாகக் கைப்பற்றினான். கடைசி மன்னன் சங்கிலி குமாரன் கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டான். 1621இல் பெருங்கோயில் இடிக்கப்பட்டது. ஆட்சி பீடம் கடலோரக் கோட்டைக்கு மாறியது. தலைநகர் என்னும் தகுதியை நல்லூர் இழந்தது. ஆயினும் 1734இல், ஒல்லாந்தர் ஆட்சியிலேயே, கந்தசுவாமி கோயில் வேறோர் இடத்தில் மீண்டும் எழுந்தது.

நாம் கற்க வேண்டியது

நல்லூருக்கு அணித்தாயுள்ள யாழ் நகரத்திலிருந்து 1990 ஒக்டோபர் 30ஆம் நாள் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்கு வழங்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலமே. பல நூற்றாண்டு வாழ்வு ஒரே நாளில் பெயர்த்தெடுக்கப்பட்டது. போர் ஓய்ந்த பின் ஒரு பகுதியினர் திரும்பியுள்ளனர். பலர் புத்தளம் முதலிய இடங்களிலேயே வேரூன்றிவிட்டனர். அவர்தம் பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணம் பெற்றோர் சொல்லக் கேட்ட ஊர் மட்டுமே.

கோயிலின் கட்டியத்தில் சிங்கள அரசனின் பெயர் ஒலிக்கிறது. அறபு நாட்டுப் பயணியின் நூலில் தமிழ் மன்னன் வாழ்கிறான். தமிழ்ப் புலவரின் நூலில் முஸ்லிம்களின் குடியிருப்பு பதிவாகியுள்ளது. ஓரினத்தாரின் நினைவை மற்றோரினத்தார் காத்து வந்திருக்கின்றனர். ஆகவே நல்லூர் யாருடையது என்னும் வினாவுக்கு, அங்கே வாழ்ந்த அனைவருடையதும் என்பதே வரலாறு தரும் விடை.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகளை ஒருமுறை நல்லூருக்கு அழைத்துச் செல்லுங்கள். மாணவியரே, வீட்டிலுள்ள உம்மம்மாவிடமும் அப்பாவிடமும் பழைய தெருக்களின் பெயர்களையும் அங்கே அயலவராய் வாழ்ந்தோரையும் பற்றிக் கேட்டு எழுதி வையுங்கள். எழுதப்படாத வாழ்வு எளிதில் மறுக்கப்படும். எழுதி வைத்தால் நாளைய தலைமுறைக்கு அது சான்றாக நிற்கும்.