பல் வெளுப்பும் பல் கூச்சமும்: கல்யாண வீட்டார் கவனத்திற்கு

ஷவ்வால் பிறை தென்பட்டதும் பாளையங்கோட்டை, மேலப்பாளையம் வட்டாரத்தில் நிக்காஹ் நாள்கள் அடுத்தடுத்து வரும். பெண் வீட்டார் செலவுக் கணக்கில் அண்மைக் காலமாகப் புதிதாக ஒன்று ஏறியிருக்கிறது: பல்லை வெள்ளையாக்குதல். மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெண் பார்க்க வந்த யாரோ பல் மஞ்சள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறார்கள். உடனே கடன் வாங்கியாவது அதைச் செய்யத் துணிகிறார்கள். நம் அறக்கட்டளையின் மருத்துவ உதவி நிதியிலிருந்து இதற்குப் பணம் தருவதில்லை. ஆனாலும் விவரம் தெரிந்திருக்க வேண்டும் என்பதால் எழுதுகிறோம். நிக்காஹுக்கு இரண்டு நாள் முன்பு இதைச் செய்துகொண்டு, வலீமா அன்று பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க முடியாமல் பெண் தவித்ததாக ஓர் உம்மா நம்மிடம் வந்து வருத்தப்பட்டார்கள்.

பல்லின் இயல்பான நிறம் பால் வெள்ளை அன்று. மேலே உள்ள எனாமல் ஓரளவு ஒளி ஊடுருவக்கூடியது. அதற்கு அடியில் இருக்கும் டென்டின் என்ற பகுதிதான் மஞ்சள். அந்த மஞ்சள்தான் வெளியே தெரிகிறது. பால் பல் விழுந்து நிலையான பல் முளைத்ததும் பிள்ளையின் பல் மஞ்சளாகிவிட்டதே என்று பதறும் தாய்மார் இதை அறிய வேண்டும். வயது ஏற ஏற எனாமல் தேய்வதால் மஞ்சள் இன்னும் கூடும். அது நோய் அல்ல.

தேநீர், வெற்றிலை, புகையிலை ஆகியவற்றின் கறையும் பற்காறையும் வேறு. பல் மருத்துவர் கருவி கொண்டு சுத்தம் செய்தாலே அவை போய்விடும். வெளுக்க வேண்டும் என்று வருகிறவர்களில் பலருக்கு இந்தச் சுத்தமே போதுமானது, செலவும் குறைவு. ஆகவே முதலில் கேட்க வேண்டியது, 'சுத்தம் செய்தால் போதுமா?' என்பதைத்தான்.

வெளுப்பு என்பது ரசாயன வேலை. ஹைட்ரஜன் பெராக்சைடு எனாமலுக்குள் ஊடுருவி, நிறம் தரும் பொருள்களைச் சிதைக்கிறது. மருத்துவமனையில் வைத்துச் செய்யும்போது பொதுவாக 25 முதல் 40 சதவீத வீரியத்தில் பூசுகிறார்கள். பல்லின் அளவுக்கு அச்சு எடுத்து, வீட்டில் இரவில் மாட்டிக்கொள்ளும் முறை 1989இல் ஹேவுட், ஹேமன் என்ற இரு அமெரிக்கப் பல் மருத்துவர்கள் எழுதிய கட்டுரைக்குப் பிறகு பரவியது. அதில் 10 சதவீதக் கார்பமைடு பெராக்சைடு பயன்படுகிறது, ஏறத்தாழ 3.5 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடுக்குச் சமம். பலன் மெதுவாகத் தெரியும், கூச்சமும் குறைவு. அவசரம் இல்லாதவர்களுக்கு இதுவே மேல் என்பது நம் எண்ணம்.

கூச்சம் ஏன் வருகிறது? டென்டினில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் ஏராளம். அவற்றுக்குள் திரவம் இருக்கிறது. குளிரோ காற்றோ பட்டால் அது நகர்ந்து உள்ளே பற்கூழில் உள்ள நரம்பைத் தூண்டும், சுருக்கென்று வலிக்கும். பெராக்சைடு மிகச் சிறிய மூலக்கூறு. சில நிமிடங்களிலேயே பற்கூழ் வரை போய், அதைத் தற்காலிகமாக எரிச்சலூட்டுகிறது. அதனால் ஒன்றும் பட்டாமலேயே திடீரென்று மின்னல் போல வெட்டும் வலியும் வரலாம். வீரியமும் நேரமும் கூடக் கூட வலி கூடும். பெரும்பாலும் சில நாள்களில் தானாக அடங்கிவிடும். ஒரு வாரம் கழித்தும் விடவில்லை, அல்லது ஒரே பல் மட்டும் விடாமல் வலிக்கிறது என்றால் மருத்துவரிடம் திரும்பப் போக வேண்டும். விளம்பரங்களில் வரும் நீல ஒளி, லேசர் ஆகியவற்றால் பெரிய கூடுதல் பயன் உண்டு என்று உறுதியாகவில்லை. அவற்றின் சூட்டால் கூச்சம் கூடக்கூடும்.

சொத்தைப் பல், விரிசல், ஈறு இறங்கி வேர் தெரியும் பல் உள்ளவர்கள் முதலில் அவற்றைச் சரிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் மருந்து நேரே உள்ளே இறங்கும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தள்ளிப் போடலாம். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு வேண்டவே வேண்டாம். அடைத்த பல்லும் உறை போட்ட பல்லும் வெளுக்காது. சுற்றியுள்ளவை வெளுத்த பின் அவை மட்டும் தனியாகத் தெரியும் என்பதைப் பலர் முன்கூட்டிச் சொல்வதில்லை.

செய்வதென்று முடிவெடுத்தால் நிக்காஹுக்கு ஒரு மாதமாவது முன்பு செய்யுங்கள். இரண்டு வாரம் முன்னதாகவே பொட்டாசியம் நைட்ரேட் உள்ள கூச்சப் பற்பசையால் துலக்கி வந்தால் கூச்சம் குறையும். செய்த இரண்டு நாள் தேநீர், வெற்றிலை, மருதாணி நிறத்தில் இருக்கும் குழம்பு வகைகள் வேண்டாம். ஐஸ் போட்ட நன்னாரி சர்பத்தும் எலுமிச்சைச் சாறும் கூச்சம் அடங்கும்வரை காத்திருக்கட்டும்.

அழகு நிலையங்களில் செய்துகொள்வதை நாம் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டோம். சட்டப்படி பதிவு பெற்ற பல் மருத்துவர்கள்தான் பல் வைத்தியம் செய்யலாம். இங்கிலாந்திலும் பல் வெளுப்பு பல் மருத்துவமே என்று 2013இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஈறில் மருந்து பட்டால் வெந்துவிடும். அதைத் தடுக்கும் காப்பு போடத் தெரிந்தவர்தான் இதில் கை வைக்க வேண்டும்.

வீட்டு வைத்தியம் என்று செங்கல் பொடி, அடுப்புக்கரி, உப்பு, எலுமிச்சையுடன் சோடா மாவு தேய்ப்பதும் கெடுதலே. பல் வெளுப்பதுபோல் தோன்றும்; எனாமல் தேயும்; அடியிலுள்ள மஞ்சள் இன்னும் தெரியும். கூச்சமோ நிரந்தரமாகிவிடும். தேய்ந்த எனாமல் திரும்ப வளராது. மிஸ்வாக் குச்சியும் மெதுவாகத் தேய்க்கத்தான். ஈறு இறங்கும் அளவுக்கு அழுத்துவதற்கு அல்ல.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் போல நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த ஊர்களில் வளர்ந்தவர்களுக்குப் பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கோடும் இருக்கும். வெறும் வெளுப்பு மட்டும் அதற்குப் போதாது. சில நேரம் திட்டு இன்னும் எடுப்பாகவும் தெரியும். அத்தகையவர்கள் பணம் கட்டுமுன் ஐகிரவுண்டு அரசு மருத்துவமனைப் பல் மருத்துவப் பிரிவில் ஒருமுறை காட்டிக் கேட்டுவிடுங்கள். சொத்தை, ஈறு நோய் ஆகியவற்றின் சிகிச்சைக்கு உதவி தேவைப்படுவோர், மருத்துவர் சீட்டுடன் நம் அலுவலகத்தில் வழக்கம்போல் விண்ணப்பிக்கலாம்.