சோளக் குழியும் விளக்கும்

தஞ்சையில் எங்கள் வீட்டு நெல் குதிரில் கிடக்கும். அதில் காற்றுப் புகும்; ஆகவே அந்தும் புகும். பாட்டி இடும் நொச்சித் தழை ஓரளவே காக்கும். புனேவுக்குப் படிக்க வந்த பின்னரே வேறொரு முறையை அறிந்தேன்.

மராட்டிய உழவர் முற்காலத்தில் 'பேவ்' என்னும் நிலக்குழியில் சோளத்தைக் கொட்டி, வாயை மண்ணிட்டு மூடினர். சாங்லியை அடுத்த ஹரிப்பூரில் மஞ்சளையும் இவ்வாறே காத்தனர். (எங்கள் ஊரில் குழி வெட்டினால் தண்ணீர்தான் ஊறும்!) தானியம் அறுத்த பின்னும் மூச்சு விடுகிறது, பூச்சியும் விடுகிறது. மூடிய குழியில் பிராணவாயு குறைந்து கரியமிலவாயு மிகும்; பூச்சி மடியும். தானியம் மட்டும் நன்கு காய்ந்திருக்க வேண்டும். இன்றேல் பூசணம் பிடிக்கும்.

பூச்சிக்கு நேர்வது மனிதனுக்கும் நேரும். திறந்தவுடன் குழியில் இறங்குவது உயிருக்கே ஆபத்து. காற்றில் நூற்றுக்கு 21 பங்கு பிராணவாயு. அது சுமார் 16 ஆகக் குறைந்தால் விளக்கு அணையும். 10-க்கும் கீழே மனிதன் நினைவிழப்பான். ஆதலால்தான் குழியை நெடுநேரம் காற்றாட விட்டு, விளக்கை இறக்கிப் பார்க்கும் வழக்கம் எழுந்தது. விளக்கு நமக்கு முன்னே மூச்சுத் திணறுகிறது! ஆனால் இக்காலத்தில் வண்டுக்கு இடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையின் நச்சுவாயுவை விளக்குக் காட்டாது. மாத்திரை இட்ட இடத்தில் பழைய விளக்கை நம்பி நுழையலாகாது.