பின்னால் வந்து மோதினால் நஷ்டஈடு யாருக்கு? வணிகர்களுக்கு ஒரு சட்டப் பாடம்



திண்டிவனத்திலிருந்து விக்கிரவாண்டி வழியாக விழுப்புரம் வரும் நெடுஞ்சாலை நம் உறுப்பினர்கள் பலருக்கு அன்றாடப் பாதை. சென்னைக்குச் சரக்கெடுக்கப் போவதும், கிராமத்துக் கடைகளுக்கு மூட்டை அனுப்புவதும் இந்தச் சாலையில்தான். சுங்கச்சாவடி வரிசையில் அல்லது குறுக்குச் சாலை முனையில் முன்வண்டி சட்டென்று நிற்கும். பின்வண்டி வந்து மோதும். உடனே கூட்டம் கூடும். ஐயாயிரம், பத்தாயிரம் என்று பேசி அங்கேயே முடித்துவிடுவார்கள். பத்து நாள் கழித்துக் கழுத்தைத் திருப்ப முடியாமல், மூட்டையைத் தூக்க முடியாமல் கடையைப் பூட்டும்போதுதான் வாங்கிய தொகை ஸ்கேனுக்கே போதாது என்பது தெரியவரும்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. "பின்னால் வந்து இடித்தவன் மேல்தான் தப்பு, இதில் என்ன வழக்கு?" என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். இது பாதி உண்மைதான். மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாததால் பணத்தை இழப்பவர்கள் பலர்.

தப்பு யார் மேல்?

முன்னால் போகும் வண்டி திடீரென்று வேகம் குறைந்தாலும் நின்றாலும் மோதாத அளவுக்கு இடைவெளி விட்டுத்தான் பின்வண்டி ஓட்ட வேண்டும். 1989ஆம் ஆண்டின் சாலை விதிகளில் 23ஆம் விதி இதைச் சொன்னது. 2017இல் வந்த புதிய ஓட்டுநர் விதிகளிலும் இக்கடமை தொடர்கிறது. 2018 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில், லாரிக்குப் பின்னால் 10 முதல் 15 அடி இடைவெளியில் வந்த கார் லாரியின் மேல் மோதியிருந்தது. அந்த இடைவெளி போதாது, கவனக்குறைவு கார் ஓட்டியவருடையதே என்று தீர்ப்பாயிற்று.

ஆனால் அதே 2018இல், பிப்ரவரி மாதம், இன்னொரு தீர்ப்பு வந்தது. இரவில் விளக்கோ எச்சரிக்கை அடையாளமோ இல்லாமல் சாலையில் நிறுத்தியிருந்த டேங்கர் மீது கார் மோதிய வழக்கு அது. அங்கே முழுப் பொறுப்பும் டேங்கர் தரப்பின் மேல்தான் விழுந்தது. பின்சிவப்பு விளக்கு இல்லாமல் கரும்பு ஏற்றி நிற்கும் டிராக்டரை நினைத்துக்கொண்டால் இதன் அருமை நமக்குப் புரியும்.

நம் மாநிலத்து வழக்கு ஒன்று இன்னும் தெளிவாகச் சொல்கிறது. 2017 ஜனவரி 7ஆம் தேதி கோவையில், நெடுஞ்சாலையில் முன்னால் சென்ற கார் சைகை எதுவும் காட்டாமல் திடீரென்று நின்றது. பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த பொறியியல் மாணவர் காரில் மோதி விழுந்தார். அவருக்குப் பின்னால் வந்த பேருந்து அவர் காலில் ஏறியது. இடது கால் போயிற்று. உடன் வந்த கர்ப்பிணி மனைவிக்கு வாந்தி வருவது போல் இருந்ததால் நிறுத்தியதாகக் கார் ஓட்டியவர் சொன்னார். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நெடுஞ்சாலையில் எச்சரிக்கை இல்லாமல் வண்டியை நிறுத்துவது கவனக்குறைவு என்றது. பொறுப்பு கார் தரப்புக்கு 50 சதவீதம், பேருந்து தரப்புக்கு 30 சதவீதம் என்று பிரிந்தது. போதிய இடைவெளி விடாததற்கும், செல்லத்தக்க லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதற்கும் மாணவர் தலையில் 20 சதவீதம் விழுந்தது. கணக்கிட்ட தொகை சுமார் 1 கோடியே 14 லட்சம் ரூபாய். அந்த 20 சதவீதத்தால் சுமார் 23 லட்சம் கழிந்து, 91 லட்சத்துச் சொச்சமும் 7.5 சதவீத வட்டியும் கிடைத்தன.

ஆகவே முன்னால் போனவருக்கும் பொறுப்பு வரலாம். பின்னால் வந்து மோதியவரும் நஷ்டஈடு கேட்கலாம். தீர்ப்பாயம் தப்பைச் சதவீதமாகப் பிரிக்கிறது. வண்டியில் சும்மா உட்கார்ந்து வந்தவருக்கு டிரைவரின் தப்பைக் காட்டித் தொகையைக் குறைக்கக் கூடாது என்று 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது.

முதல் நாளில் செய்ய வேண்டியவை

1. வண்டிகளை நகர்த்துவதற்கு முன் இரண்டு வண்டியும், பின்விளக்கும், பிரேக் பிடித்த தடமும் தெரியும்படி படம் எடுங்கள். எதிர் வண்டியின் எண்ணையும் பார்த்தவர்கள் இருவரின் முகவரியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

2. அந்த எல்லைக்குரிய போலீஸ் நிலையத்தில் அன்றே புகார் கொடுத்து எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகப் பெறுங்கள். முன்வண்டி ஏன் நின்றது, சைகை காட்டியதா, விளக்கு எரிந்ததா என்பவை புகாரிலேயே இருக்க வேண்டும். பிறகு சொன்னால் யோசித்துச் சொன்னதாக எதிர்த்தரப்பு வாதிடும்.

3. வலி குறைவாக இருந்தாலும் மருத்துவமனைக்குப் போய் விபத்துப் பதிவேட்டில் பதிவு செய்யுங்கள். விழுப்புரம் பக்கத்தில் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நேரே புத்தூர் கட்டுப் போடப் போய்விட்டால், விபத்தில்தான் எலும்பு முறிந்தது என்று காட்டக் காகிதம் இராது. தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. இத்திட்டம் 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டது.

4. எண்ணெய் டின் உடைந்தது, அரிசி மூட்டை கிழிந்தது என்றால் அதையும் படம் எடுத்து, கொள்முதல் பில்லோடு வைத்திருங்கள். உங்கள் பாலிசியில் வண்டிச் சேதத்துக்குக் கேட்பதானால், சர்வேயர் பார்ப்பதற்கு முன் வண்டியைப் பழுது பார்க்காதீர்கள்.

எங்கே, எப்போது மனுச் செய்வது?

மோட்டார் வாகனச் சட்டம் 166ஆம் பிரிவின்படி விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்ய வேண்டும். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நீதிமன்றங்களில் இது நடைபெறுகிறது. விபத்து செங்கல்பட்டுப் பக்கம் நடந்திருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் ஊருக்குரிய தீர்ப்பாயத்திலேயே மனுக் கொடுக்கலாம். கடையை விட்டு அலைய வேண்டியதில்லை.

விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும் என்ற கெடு 2022 ஏப்ரல் 1 முதல் வந்துள்ளது. இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போயிருக்கிறது. அதை நம்பி நாளைக் கடத்தாதீர்கள்.

தப்பு யாருடையது என்று நிரூபிக்காமலே பெறக்கூடிய தொகையும் உண்டு. 164ஆம் பிரிவில் மரணத்துக்கு ரூ.5 லட்சம், கொடுங்காயத்துக்கு ரூ.2.5 லட்சம். ஆனால் இதை வாங்கிக்கொண்டால் 166இல் போட்ட மனு காலாவதியாகிவிடும். இழப்பு பெரிதா சிறிதா என்று கணக்குப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மோதிய வண்டி நிற்காமல் ஓடிவிட்டால் அரசுத் திட்டத்தில் மரணத்துக்கு ரூ.2 லட்சமும் கொடுங்காயத்துக்கு ரூ.50,000-மும் உண்டு.

தொகையை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

வைத்தியச் செலவு, வருமான இழப்பு, வலியும் வேதனையும், உடன் இருந்து பார்த்தவர் செலவு என்று தனித்தனித் தலைப்பில் கணக்கிடுவார்கள். நிரந்தர ஊனம் இருந்தால் தொகை பெரிதாகும். 42 வயது மளிகைக் கடைக்காரர், மாத வருமானம் ரூ.15,000, சம்பாதிக்கும் திறனில் 20 சதவீதம் குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சொந்தத் தொழில் செய்யும் 40 முதல் 50 வயதுக்காரருக்கு எதிர்கால உயர்வாக 25 சதவீதம் சேர்ப்பார்கள். மாதம் ரூ.18,750, வருடம் ரூ.2,25,000. 41 முதல் 45 வயதுக்குப் பெருக்கும் எண் 14. ஆக ரூ.31,50,000. இதில் 20 சதவீதம் ரூ.6,30,000. விபத்தில் அவர் பங்கும் 20 சதவீதம் என்று முடிவானால் ரூ.1,26,000 கழிந்து ரூ.5,04,000 கிடைக்கும்.

இந்தக் கணக்கு முழுவதும் 'மாத வருமானம்' என்ற ஒரு வரியில் நிற்கிறது. நம்மில் பலர் அங்கேதான் இடறுகிறோம். உண்மையில் முப்பதாயிரம் சம்பாதிப்பவரிடம் காகிதம் இல்லாவிட்டால் தீர்ப்பாயம் உத்தேசமாகத்தான் ஒரு தொகை போடும். 2008இல் விபத்தில் கால் இழந்த காய்கறி வியாபாரி ஒருவருக்கு, இத்தகைய தொழிலாளரிடம் வருமானச் சான்று எதிர்பார்க்க முடியாது என்று சொல்லி, மாதம் ரூ.6,500 என்று 2014இல் உச்ச நீதிமன்றம் வைத்தது. அது அவருக்கு ஆறுதல். ஆனால் கடை வைத்திருக்கும் நமக்கு அந்தச் சலுகையை நம்பி இருக்க முடியாது. வருமான வரி, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், வங்கிக் கணக்கு, கொள்முதல் பில், கடை உரிமம் ஆகியவைதான் அன்று சாட்சி சொல்லும். வரிக்குப் பயந்து வருமானத்தைக் குறைத்துக் காட்டினால், நஷ்டஈடும் அந்தக் குறைந்த தொகைக்குத்தான் வரும்.

நம் வண்டி மோதினால்?

டெலிவரிப் பையன் ஓட்டிய வண்டி முன்வண்டியின் மேல் மோதினால், நோட்டீஸ் உரிமையாளருக்குத்தான் வரும். இன்ஷூரன்ஸ் இல்லையென்றால் முழுத் தொகையும் நம் கையிலிருந்துதான் போகும். பையனுக்கு லைசென்ஸ் இல்லை என்றால், கம்பெனி முதலில் கட்டிவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலிக்கத் தீர்ப்பாயம் அனுமதிக்கலாம். சரக்கு வண்டியில் சரக்கின் சொந்தக்காரரோ அவர் பிரதிநிதியோ போனால் அவருக்குக் காப்பீடு உண்டு. ஆகவே சரக்கோடு போகும்போது பில் உங்கள் பெயரில், உங்கள் கையில் இருக்கட்டும்.

சமரசமும் கட்டணமும்

லோக் அதாலத்தில் பேசி முடிப்பது நல்ல வழிதான், பணம் விரைவில் வரும். ஆனால் அந்தத் தீர்வு இறுதியானது, அப்பீல் கிடையாது. ஆகவே சிகிச்சை முடிந்து, ஊனச் சான்று கைக்கு வந்த பிறகு உட்காருங்கள். வருகிற தொகையில் இத்தனை பங்கு என்று வழக்கறிஞர் பேசுவது பார் கவுன்சில் விதிக்கு விரோதம். கட்டணத்தை முன்னதாகப் பேசி ரசீது பெறுங்கள்.

வண்டியின் பாலிசி தேதி, ஓட்டுபவரின் லைசென்ஸ், வண்டியின் பின்விளக்கு, கடையின் வரவு செலவுக் கணக்கு ஆகிய நான்கையும் இந்த வாரக் கடை விடுமுறையில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். விபத்து நடந்த பிறகு இவற்றில் ஒன்றைக்கூடப் புதிதாகத் தயாரிக்க முடியாது.