வாரத்தில் அந்த இரண்டு நாள்

விழுப்புரம் பக்கத்திலிருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறார். பி.காம். கடைசி வருடம். இரண்டு வருடத்துக்கு முன்பு அவருடைய அம்மா புற்றுநோய்க்காகப் பெரிய மருத்துவமனை ஒன்றில் மாதக்கணக்கில் இருந்து, கடைசியில் இறந்துபோனாராம். காப்பீட்டுக்கு என்ன காகிதம் வேண்டும், கூட வந்தவர்கள் எங்கே தங்கலாம், அடுத்த கீமோ என்றைக்கு என்று கூடவே நின்று வழிகாட்டியவர் அங்கிருந்த சமூகப் பணியாளர். “அந்த வேலைக்கு எம்.எஸ்.டபிள்யூ. படிக்கணும்னு சொன்னாங்க அக்கா. அப்பா, எச்.ஆர். எடுக்கிறதா இருந்தா படி, இல்லைன்னா எம்.காம். சேருன்னு சொல்றார். எந்தக் காலேஜ் நல்லது? எப்படி சீட் வாங்கறது?” என்று கேட்கிறார்.

தங்கை, நான் மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டே பல வருடம் எம்.எஸ்.டபிள்யூ. மாணவர்களுக்குக் களப்பணி மேற்பார்வை செய்தவள். பேர்பெற்ற கல்லூரியிலிருந்து வந்து இரண்டு வருட முடிவில் ஒரு நோயாளியின் வீட்டுக்குத் தனியாகப் போய்ப் பேசத் தெரியாதவர்களைப் பார்த்திருக்கிறேன். யாரும் கேள்விப்படாத கல்லூரியிலிருந்து வந்து மூன்றாம் வாரமே வார்டில் எல்லாரும் தேடும் ஆளானவர்களையும் பார்த்திருக்கிறேன். வித்தியாசம் எங்கே என்று தேடினால் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கும்: களப்பணி.

இந்தப் படிப்பு பிறந்ததே தெருவில்தான். 1920களில் பம்பாயின் நாக்பாடா பகுதியில் கிளிஃபோர்டு மான்ஷார்ட் என்ற அமெரிக்கர் ஏழைத் தொழிலாளர்கள் மத்தியில் ஒரு சமுதாய நிலையம் நடத்தினார். அந்த வேலைக்குப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும் என்ற தேவையிலிருந்துதான் 1936-இல் சர் தொராப்ஜி டாட்டா பெயரில் சமூகப் பணிப் பள்ளி உருவானது. இன்றைய டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், ‘டிஸ்’, அதுதான். சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952-இல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க்கும் தொண்டு அமைப்பு நடத்திய அனுபவத்திலிருந்து வந்ததே. அதனால்தான் இன்றைக்கும் எம்.எஸ்.டபிள்யூ. நடத்தும் கல்லூரிகளில் வாரத்துக்கு இரண்டு நாள் வகுப்பு கிடையாது. மருத்துவமனை, குழந்தைகள் இல்லம், தொண்டு நிறுவனம், தொழிற்சாலை, குடிசைப் பகுதி என்று ஏதாவது ஓர் இடத்தில் இருக்க வேண்டும். அதோடு கிராமத்தில் தங்கும் ரூரல் கேம்ப், கடைசியில் ஏறக்குறைய ஒரு மாதம் ஒரே இடத்தில் முழுநேரமாக இருக்கும் பிளாக் பிளேஸ்மென்ட், ஓர் ஆய்வு.

காகிதத்தில் எல்லாக் கல்லூரியும் இதைத்தான் எழுதியிருக்கும். விசாரிக்க வேண்டியது, அது உண்மையில் எப்படி நடக்கிறது என்பதை. துறைத் தலைவரிடம் கேட்டால் நல்லதாகவே சொல்வார். இரண்டாம் வருட மாணவர்கள் இரண்டு பேரைப் பிடியுங்கள், கேன்டீனில் வைத்துக் கேளுங்கள். “போன வருஷம் உங்களை எங்கே போட்டாங்க? அங்கே படிச்ச சோஷியல் ஒர்க்கர் யாராவது இருந்தாங்களா, இல்லை ஆபீஸ்ல உக்கார வெச்சு ரெஜிஸ்டர் எழுதச் சொன்னாங்களா? சார் ஏஜென்சிக்கு எத்தனை தடவை வந்தார்? ஐ.சி. வாரா வாரம் நடக்குதா?”

ஏஜென்சி என்பது களப்பணிக்குப் போகும் இடம். ஐ.சி. என்பது ஆசிரியர் ஒரே ஒரு மாணவரை உட்காரவைத்து அந்த வாரக் களப்பணி ரிப்போர்ட்டைப் பேசும் நேரம். வெளியே இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் இந்தத் தொழிலைக் கற்றுக்கொள்வது அந்த அரை மணி நேரத்தில்தான். ஒரு தாய் அழுதபோது நீங்கள் ஏன் உடனே பேச்சை மாற்றினீர்கள், குடிக்கிற கணவனிடம் ஏன் புத்தி சொல்லப் போனீர்கள், அந்தப் பாட்டி சொல்லாமல் விட்டது என்ன என்று ஒருவர் எதிரில் உட்கார்ந்து கேட்டால்தான் அடுத்த வாரம் வேறு மாதிரி நடப்போம். ரிப்போர்ட்டில் தேதிபோட்டுக் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு போகிற கல்லூரியில் இரண்டு வருடம் ஓடிவிடும், மனதில் ஒன்றும் நிற்காது. ஐ.சி. ஒழுங்காக நடக்கிறதா என்ற ஒரு கேள்விக்கு மாணவர்கள் தரும் பதிலை வைத்தே ஒரு துறையை எடைபோட்டுவிடலாம் என்பது என் அனுபவம்.

இனி அப்பா சொல்லும் எச்.ஆர். அதை லேசாகத் தள்ளிவிடாதீர்கள். 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 49-ஆம் பிரிவு, 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள தொழிற்சாலையில் தொழிலாளர் நல அலுவலர் இருந்தாக வேண்டும் என்றது. அந்தப் பதவிக்குச் சமூகப் பணிப் பட்டம் பொருந்தியதால் நம் ஊரில் எம்.எஸ்.டபிள்யூ. என்றாலே கம்பெனி வேலைக்கான படிப்பு என்று ஒரு தலைமுறையே நினைத்தது. அப்பா அந்தத் தலைமுறையாக இருக்கலாம். கேன்டீன், குழந்தைகள் காப்பகம், விபத்து இழப்பீடு என்று தொழிலாளி பக்கம் நின்று பேசும் நல அலுவலர் வேலை மரியாதைக்குரிய வேலை.

ஆனால் உங்கள் மனம் மருத்துவமனையில் இருக்கிறது. பெரும்பாலான கல்லூரிகளில் முதல் வருடம் எல்லாருக்கும் பொதுப்பாடம். இரண்டாம் வருடம்தான் மனிதவளம், சமுதாய மேம்பாடு, மருத்துவம் மற்றும் மனநலம், குடும்பம் குழந்தை நலம் என்று பிரியும். சில இடங்களில் முக்கால்வாசி மாணவர்கள் எச்.ஆருக்குப் போய்விடுவார்கள். மருத்துவப் பிரிவில் நாலைந்து பேர், ஒரே ஆசிரியர், அவருக்கும் அது சொந்தத் துறையாக இருக்காது. எனவே சேர்வதற்கு முன்பே, போன வருடம் மருத்துவ - மனநலப் பிரிவில் எத்தனை பேர் படித்தார்கள், எந்தெந்த மருத்துவமனைகளில் இருந்தார்கள் என்று கேட்டுவிடுங்கள். ஆள் சேரவில்லை என்றால் அந்தப் பிரிவையே நடத்தாத கல்லூரிகளும் உண்டு.

எங்கெல்லாம் பார்க்கலாம்? உங்களுக்கு மிக அருகில் இருப்பது காலாப்பட்டில் உள்ள புதுச்சேரி பல்கலைக்கழகம். அங்கே எம்.எஸ்.டபிள்யூ. இருக்கிறது, ஊரிலேயே ஜிப்மரும் இருக்கிறது. திருவாரூரில் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம். சென்னையில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க், லயோலா, ஸ்டெல்லா மாரிஸ், தாம்பரம் கிறித்துவக் கல்லூரி. திருச்சியில் பிஷப் ஹீபர், பாரதிதாசன் பல்கலைக்கழகம். கோவையில் பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரி. மதுரையில் மதுரை இன்ஸ்டிடியூட் ஆஃப் சோஷியல் சயின்சஸ். கிராமத்து வேலையில் நாட்டம் உள்ளவர்களுக்கு, சௌந்தரம் அம்மாவும் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் தொடங்கிய காந்திகிராமத்தின் பல்கலைக்கழகம். உங்கள் விருப்பத்துக்கு, பெரிய மருத்துவமனைகள் இருக்கும் ஊர் நல்லது. சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை, அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு என்று கற்றுக்கொள்ளும் இடங்கள் நெருக்கமாக இருக்கின்றன.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: தேதி. கடைசி வருடத் தேர்வு எழுதிவிட்டு மே மாதம் நிதானமாக விசாரிப்போம் என்று இருந்தால் மத்தியப் பல்கலைக்கழகங்களும் டிஸ்ஸும் கைநழுவிப் போய்விடும். அவற்றுக்கு க்யூட் பி.ஜி. நுழைவுத் தேர்வு உண்டு. அண்மை வருடங்களில் டிசம்பர், ஜனவரி வாக்கில் விண்ணப்பம், மார்ச்சில் தேர்வு என்று நடக்கிறது. சமூகப் பணித் தாளில் கேள்விகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும், தமிழில் கிடையாது. சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 கழியும், அதனால் குருட்டுத்தனமாக அடிக்கக் கூடாது. க்யூட் எழுதினால் மட்டும் போதாது, சேர விரும்பும் நிறுவனத்தின் தனி விண்ணப்பத்தையும் போட வேண்டும். இதை மறந்து நல்ல மதிப்பெண்ணை வீணாக்கிய பிள்ளைகள் வருடாவருடம் என்னைத் தேடி வருகிறார்கள். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பெரும்பாலும் பட்டப்படிப்பு மதிப்பெண், குழு விவாதம், நேர்காணல். இளநிலையில் என்ன பாடம் என்று பார்ப்பதில்லை. பி.காம். தடையே இல்லை.

கட்டணத்தில் ஒன்றைக் கவனியுங்கள். ஒரே கல்லூரியில் அரசு உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் இருக்கும், இரண்டுக்கும் கட்டணம் மலைக்கும் மடுவுக்கும். எது எந்தப் பிரிவு என்று விண்ணப்பம் வாங்கும்போதே கேளுங்கள். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்குப் பெற்றோர் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. புதுமைப் பெண் திட்டப் பணத்தை முதுநிலைக்கு நம்பிக் கணக்குப் போடாதீர்கள், அது இளநிலையோடு நின்றுவிடும். களப்பணிப் போக்குவரத்துச் செலவையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றாலும், ஏஜென்சி ஊருக்கு வெளியே இருந்தால் மாதம் ஒரு தொகை போய்விடும்.

நேர்காணலுக்கு வருவோம். “ஏன் சமூகப் பணி?” என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் “ஏழைகளுக்குச் சேவை செய்யணும்” என்பார்கள். எதிரில் இருப்பவர்கள் அதைக் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரு நேர்காணலில் நானும் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண், தன் தெருப் பாட்டிக்கு முதியோர் உதவித்தொகை நின்றுபோன கதையைச் சொன்னாள். வி.ஏ.ஓ.விடம் போனது, தாலுகா அலுவலகத்தில் வரிசையில் நின்றது, வங்கிக் கணக்கோடு ஆதார் இணையாததுதான் காரணம் என்று மூன்றாவது தடவை தெரிந்தது, இதற்குள் பாட்டி பக்கத்து வீட்டில் கடன் வாங்கி மாத்திரை சாப்பிட்டது. “கடைசியில் பணம் வந்ததா?” என்று கேட்டோம். “வந்துச்சு மேடம். ஆனா அதே தெருவுல இன்னும் நாலு பேருக்கு நின்னிருக்குன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது” என்றாள். அவளுக்கு ஆங்கிலம் சரளமாக வரவில்லை. இடம் கிடைத்தது. ஒரு ஆளின் கஷ்டத்தைப் பார்க்கப் போய் தெருவின் கஷ்டத்தைப் பார்த்தாளே, அதற்காக.

உங்கள் அம்மாவைப் பற்றிக் கேட்பார்கள், தங்கை. நீங்களே விண்ணப்பத்தில் எழுதுவீர்கள். எழுதுங்கள், மறைக்க வேண்டியதில்லை. சொந்த வலியிலிருந்து இந்தத் தொழிலுக்கு வந்தவர்கள் நிறையப் பேர். ஆனால் அந்த மாதங்களின் கதை முழுவதையும் சொல்லத் தொடங்கினால் பாதியில் தொண்டை அடைத்துக்கொள்ளும், நேரமும் முடிந்துவிடும். முன்னாலேயே வீட்டில் யாரிடமாவது ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அந்தச் சமூகப் பணியாளர் என்னென்ன செய்தார், எந்த இடத்தில் அவராலும் முடியாமல் போனது, உங்களுக்கு அடுத்த படுக்கையில் இருந்தவர்களுக்கு எது கிடைக்கவில்லை என்று மூன்று விஷயம் தெளிவாக இருந்தால் போதும். அம்மாவின் இழப்பு இன்னும் பச்சையாக இருக்கிறது என்று தோன்றினால், ஒரு வருடம் பொறுத்து வேறு ஏதாவது வேலை பார்த்துவிட்டுச் சேர்வதிலும் தவறில்லை. முதல் களப்பணியே புற்றுநோய் வார்டாக அமைந்தால் தாங்குமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். தாங்காது என்றால் ஆசிரியரிடம் முதலிலேயே சொல்லி வேறு இடம் கேட்கலாம். நல்ல ஆசிரியர் புரிந்துகொள்வார்.

நேர்காணலுக்கு வேறு பெரிய தயாரிப்பு வேண்டாம். 1098 என்றால் குழந்தைகளுக்கான உதவி எண், 181 பெண்களுக்கு. போக்ஸோ சட்டம் 2012, இளைஞர் நீதிச் சட்டம் 2015. உங்கள் ஒன்றியத்து அங்கன்வாடி, ஆரம்ப சுகாதார நிலையம் எப்படி நடக்கின்றன என்று நேரில் போய்ப் பாருங்கள். படித்ததைவிடப் பார்த்ததைச் சொன்னால் காது கொடுத்துக் கேட்பார்கள்.

வேலையைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மருத்துவமனை, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, மாவட்ட மனநலத் திட்டம் என்று அரசுப் பக்கம் வேலைகள் உண்டு. ஆனால் அதில் பலவும் ஒப்பந்த வேலை, தொகுப்பூதியம். தொடக்கத்தில் எச்.ஆர். சம்பளம் இதைவிட அதிகமாகத்தான் இருக்கும், அப்பாவின் கவலையில் நியாயம் உண்டு. மனநலத்தில் ஆழமாகப் போக நினைத்தால் எம்.எஸ்.டபிள்யூ.வோடு நிற்காது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநல சமூகப் பணியாளர் என்பவருக்கு அதற்குரிய இரண்டு வருட முழுநேர எம்.ஃபில். வேண்டும் என்கிறது. பெங்களூர் நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில் அந்தப் படிப்பு நடந்துவந்தது. 2022-இல் யு.ஜி.சி. எம்.ஃபில். பட்டத்தை நிறுத்தியது. பிறகு இதற்கு மட்டும், மருத்துவ உளவியலோடு சேர்த்து, 2025-26 வரை விலக்கு கொடுத்தது. நீங்கள் அந்தக் கட்டத்துக்கு வரும்போது எந்த வடிவத்தில் நடக்கிறது என்று அந்த வருட அறிவிப்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அப்பாவிடம் வாதாடிப் பலன் இருக்காது என்று நினைக்கிறேன். ஒரு வேலைநாளில் அவரையும் கூட்டிக்கொண்டு, அம்மாவுக்கு உதவிய அந்தச் சமூகப் பணியாளரைப் பார்க்கப் போங்கள். ஓ.பி. கூட்டம் குறைகிற மதியம் இரண்டு மணிக்கு மேல் போனால் பேச நேரம் இருக்கும். எந்தக் கல்லூரியில் படித்தார், சம்பளம் எவ்வளவு, வேலை நிரந்தரமா, திரும்பப் படித்தால் எங்கே சேருவார் என்று அப்பாவே கேட்கட்டும்.