வண்டியை மாற்றினால் ஊர் மாறுமா?

ஓர் ஊரில் பொது சேவை மையம் இருக்கிறது. ஒரு பெண் அதை நடத்துகிறார். சாதிச் சான்றுக்கு மனுப் போட மக்கள் வருவார்கள். கிசான் பணம் ஏறியதா என்று பார்க்க வருவார்கள். பிள்ளைகளின் உதவித்தொகைக்குப் பதிய வருவார்கள்.

அங்குள்ள கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் திறக்கவே நெடுநேரம் ஆகும். பாதி எழுதியதும் நின்றுவிடும். மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டும். வரிசையில் நிற்பவர்கள் அன்றைய கூலியை விட்டு வந்தவர்கள். "இன்னும் எவ்வளவு நேரம் அம்மா?" என்று கேட்பார்கள். அவர் என்ன பதில் சொல்வார்?

ஒருநாள், கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி வந்து பார்த்தான்.

"அக்கா, உங்கள் பிரவுசர் மிகப் பழையது. அதை மாற்றிப் பார்ப்போம்."

பிரவுசர் என்றால் என்ன? இணையதளம் ஓர் ஊர் என்றால், அங்கே நம்மை அழைத்துப் போகும் வண்டிதான் பிரவுசர். உலாவி என்றும் சொல்வார்கள்.

1995-இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் என்ற பிரவுசரைக் கொண்டுவந்தது. பின்னர் அது கம்ப்யூட்டருடனேயே வந்தது. வேறு வண்டி உண்டு என்பதே பலருக்குத் தெரியவில்லை. 2004-இல் ஃபயர்பாக்ஸ் வந்தது. 2008-இல் குரோம் வந்தது. 2022 ஜூன் 15-இல் மைக்ரோசாப்ட் தன் பழைய பிரவுசரைக் கைவிட்டது. கைவிட்ட வண்டிக்குப் பழுது பார்ப்பவர் இல்லை. புதிய தளங்கள் அதில் சரியாகத் திறப்பதில்லை. திருடர் நுழையும் ஓட்டைகளும் அடைபடுவதில்லை.

"தம்பி, நான் போட்ட மனுவெல்லாம் அழிந்துவிடாதா?"

"மனு அரசுத் துறையின் கம்ப்யூட்டரில் இருக்கிறது அக்கா. நீங்கள் வண்டியை மாற்றினால் ஊர் காணாமல் போகுமா? ஆனால் பழைய வண்டியில் இருக்கும் பையை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்."

அந்தப் பையில் இருப்பவை குறித்துவைத்த முகவரிகளும் பாஸ்வேர்டுகளும். பழையதிலிருந்து இவற்றை எடுத்து வரும் வசதி புதிய பிரவுசரில் உண்டு. எல்லாம் வந்ததா என்று பார்த்த பிறகே பழையதை நீக்க வேண்டும்.

ஃபயர்பாக்ஸ், குரோம் இரண்டும் இலவசம். இரண்டையும் தமிழிலேயே பயன்படுத்தலாம். அவற்றை உருவாக்கிய நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டுமே இறக்க வேண்டும். "உங்கள் பிரவுசர் பழசு, இங்கே அழுத்துங்கள்" என்று ஏதோ ஒரு பக்கத்தில் திடீரென வந்தால் அழுத்தாதீர்கள். அது ஏமாற்று வேலையாக இருக்கலாம்.

இணைப்பே மெதுவாக இருந்தால் எந்தப் பிரவுசரும் உதவாது. அதையும் தம்பி மறைக்காமல் சொன்னான்.

அக்கா தினமும் போகும் தளங்களை மேல் பட்டையில் வரிசையாக வைத்துக்கொண்டார். இப்போது முகவரியை எழுத்து எழுத்தாக அடிப்பதில்லை. ஒரு அழுத்தில் போகிறார். ஒரு தளம் திறப்பதற்குள் அடுத்தவரின் காகிதங்களைச் சரிபார்க்கிறார்.

தம்பி இன்னொன்றும் சொன்னான். "பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்று பிரவுசர் கேட்கும். மற்றவர் கணக்கு என்றால் வேண்டாம் என்று அழுத்துங்கள். அவர்கள் வேலையைத் தனி ஜன்னலில் செய்யுங்கள். அதை மூடியதும் போன இடங்களின் பட்டியலைப் பிரவுசர் வைத்துக்கொள்ளாது. இறக்கிய சான்றிதழ் மட்டும் கம்ப்யூட்டரில் தங்கும். அதை நீங்கள்தான் அழிக்க வேண்டும்."

கேட்டு எழுதுங்கள்:
உங்கள் ஊர் மையத்தில் உள்ள பிரவுசரின் பெயர் என்ன?
உங்கள் பாஸ்வேர்டு அங்கே சேமிக்கப்பட்டிருக்கிறதா?